தராசு முள் இறங்கினால் நோய் இறங்கிவிடுமா?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

அரசியலும் சமுதாயமும் பேசுகிற மேடையில் சாப்பாட்டைப் பற்றிப் பேச என்ன அவசியம் வந்தது என்று சிலர் நினைக்கலாம். அவசியம் வந்துவிட்டது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். 2023-ல் வெளிவந்த ஆய்வு சொல்லும் கணக்கு இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து இதை நடத்தியது நம்முடைய சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை. காலை முதல் இரவு வரை கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற நாம் இந்தக் கணக்கிற்கு வெளியே இருக்கிறோமா? இல்லை.

ஆகவே எடையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் நம் வாலிபர்களிடம் வந்திருப்பது நல்லதே. ஆனால் எப்படிக் குறைப்பது என்ற கேள்விக்கு இன்று ஒரு விசித்திரமான பதில் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "அமெரிக்காவில் ஒருவர் மூன்று வேளையும் பர்கர் கடையிலேயே சாப்பிட்டு 17 கிலோ இளைத்துவிட்டார். ஆகவே ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிட்டே எடையைக் குறைக்கலாம்" என்கிறார்கள். இதைக் கேட்ட இளைஞன் பட்டினியும் வேண்டாம், கசப்பும் வேண்டாம், பிடித்ததைத் தின்றே இளைக்கலாம் என்று கடைக்குள் நுழைகிறான். இன்னொரு பக்கம், "பர்கர் விஷம், தொட்டாலே மரணம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்போம். வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை: நமக்குப் பிடிக்காதவனுடைய சரக்கையும் சரியாகத்தான் நிறுக்க வேண்டும். அந்த நிறுவனங்கள் மீது நமக்கு ஆயிரம் மனக்குறை இருக்கலாம். அதற்காக எடைக்கல்லை மாற்றிப் போடக் கூடாது.

நடந்தவை என்ன?

முதலில், இந்தக் கதைகள் பொய்யா? இல்லை. நடந்தவைதான்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஜாரெட் ஃபோகிள் என்றொரு மாணவர் இருந்தார். அவருடைய எடை ஏறத்தாழ 193 கிலோ. 1998-ல் அவர் சப்வே என்ற கடையின் ரொட்டிச் சாண்ட்விச்சை மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று சாப்பிடத் தொடங்கினார். எண்ணெய்ப் பசையில்லாத வகையாகத் தேர்ந்தெடுத்தார். பாலாடைக்கட்டி, மயோனைஸ் எல்லாவற்றையும் ஒதுக்கினார். பிறகு நடக்கவும் தொடங்கினார். ஏறத்தாழ ஓராண்டில் 111 கிலோ குறைந்தார். 2000-ல் அந்த நிறுவனம் அவரை விளம்பரத்தில் ஏற்றியது. பதினைந்து ஆண்டுகள் அவருடைய பழைய பெரிய கால்சட்டையைக் காட்டியே வியாபாரம் நடந்தது. 2015-ல் அவர் வேறொரு கடுங்குற்றத்தில் சிக்கிச் சிறைக்குப் போனார். நிறுவனமும் உறவை முறித்துக்கொண்டது. அது தனி விஷயம். எடை குறைந்தது உண்மை.

இரண்டாமவர் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் சிஸ்னா என்ற அறிவியல் ஆசிரியர். கைப்பேசியில் சுற்றும் அந்த 17 கிலோ கதை இவருடையதுதான். 2013-ல் தொடர்ந்து 90 நாட்கள் மெக்டொனால்ட்ஸ் உணவை மட்டுமே சாப்பிட்டார். ஏறத்தாழ 127 கிலோவிலிருந்து 110 கிலோவுக்கு வந்தார். இரத்தத்தில் கொழுப்பின் அளவும் 249-லிருந்து 170 ஆகக் குறைந்தது.

மூன்றாமவர் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்துப் பேராசிரியரான மார்க் ஹாப். இவர் பர்கர்கூடச் சாப்பிடவில்லை. 2010-ல் பத்து வாரங்கள் பெட்டிக்கடைத் தின்பண்டங்களான கிரீம் கேக், பிஸ்கட், சிப்ஸ் ஆகியவற்றையே பிரதான உணவாகக் கொண்டார். 91 கிலோவிலிருந்து 79 கிலோவுக்கு இறங்கினார்.

பார்த்தீர்களா என்கிறார்கள். சரி, பார்ப்போம். விளம்பரம் காட்டுவதை மட்டும் பார்க்காமல், அது மறைப்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

இளைக்க வைத்தது எது?

சிஸ்னா கடைக்குள் போய் ஆசைப்பட்டதை எல்லாம் அள்ளித் தின்றாரா? இல்லை. அவருடைய மாணவர்கள் கடை தருகிற சத்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு 2000 கலோரியைத் தாண்டாமல் மூன்று வேளைக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அதோடு, அதுவரை உடற்பயிற்சி செய்யாத அவர் தினமும் 45 நிமிடம் நடந்தார். பேராசிரியர் ஹாப் ஒரு நாளைக்கு 1800 கலோரியைத் தாண்டவில்லை. அவர் உடம்புக்கு அன்றாடம் ஏறத்தாழ 2600 தேவைப்பட்டது. கூடவே சத்து மாத்திரை, புரதப் பானம், கொஞ்சம் காய்கறி ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டார். இந்த உணவை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன் என்றும் சொன்னார். அந்த மாணவரோ ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 கலோரிதான் உண்டார்.

கலோரி என்றால் என்ன? சாப்பாடு உடம்புக்குத் தருகிற எரிசக்தியின் அளவு. அரிசி, கோதுமையில் உள்ள மாவுச்சத்து, சர்க்கரை, புரதம் எல்லாம் கிராமுக்கு ஏறத்தாழ 4 கலோரி. கொழுப்பும் எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி. வரவு செலவைவிட அதிகமானால் மிச்சம் கொழுப்பாகச் சேரும். செலவு வரவைவிட அதிகமானால் சேர்த்து வைத்த கொழுப்பு கரையும். கல்லாப் பெட்டிக் கணக்கு தெரிந்தவருக்கு இது புரியும்.

ஆக, அவர்களை இளைக்க வைத்தது பர்கரா? இல்லை. கேக்கா? இல்லை. அளவுதான் இளைக்க வைத்தது. அதே அளவுக் கணக்கை இட்லியில் போட்டிருந்தாலும் இளைத்திருப்பார்கள். சோறு, மீன் குழம்பு, கீரையில் போட்டிருந்தாலும் இளைத்திருப்பார்கள். குறைத்துச் சாப்பிட்டதன் புகழைக் கடைக்காரன் தன் சரக்குக்கு எழுதிக்கொண்டான். இந்த விஷயத்தில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

மறுபக்கத்திலும் மிகை உண்டு

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. மார்கன் ஸ்பர்லாக் என்ற திரைப்படக்காரர் 2003-ல் முப்பது நாட்கள் மெக்டொனால்ட்ஸ் உணவை மட்டுமே தின்றார். பெரிய அளவு வேண்டுமா என்று கடைக்காரன் கேட்டால் மறுப்பதில்லை, நடையைக் குறைத்துக்கொள்வது என்று விதி வைத்துக்கொண்டார். 11 கிலோ கூடினார். இரத்தத்தில் கொழுப்பு ஏறியது. கல்லீரல் கெட்டது என்று மருத்துவர் எச்சரித்தார். 2004-ல் படம் வெளிவந்து உலகமே பேசியது. அதே ஆண்டு அந்த நிறுவனம் தன் 'சூப்பர் சைஸ்' அளவைக் கைவிட்டது.

நாமும் இதைக் கேட்டுக் கைதட்டினோம். ஆனால் நியாயமாகப் பேச வேண்டுமே! அவர் தின்றது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5000 கலோரி. எந்தச் சாப்பாட்டை அந்த அளவு தின்றாலும் உடம்பு ஊதும். மேலும் 2017-ல் அவரே, தான் நீண்ட காலக் குடிப்பழக்கம் உள்ளவர் என்று வெளிப்படையாக எழுதினார். அப்படியானால் கல்லீரல் கெட்டதற்குக் காரணம் பர்கர் மட்டும்தானா என்ற கேள்வி எழுமா, எழாதா? 2024-ல் அவர் காலமாகிவிட்டார். அவருடைய படம் பலரைச் சிந்திக்க வைத்தது உண்மை. ஆனால் ஒரு தனி மனிதர் தன் உடம்பை வைத்து நடத்திய சோதனை ஊருக்கெல்லாம் சட்டமாகாது. இளைத்தவருக்கும் இது பொருந்தும், பருத்தவருக்கும் பொருந்தும்.

சாதகங்கள் எவை?

இப்போது தராசின் ஒரு தட்டில் நன்மைகளை வைப்போம். நன்மையே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும்.

ஒன்று: அளவு தெரியும். அந்தப் பெரிய நிறுவனங்களில் ஒரு பர்கர் எந்தக் கிளையில் வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே எடை, ஒரே கணக்கு. அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் கலோரியை விலைப் பட்டியலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்ற சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் அவ்வாறே எழுத வேண்டும் என்று 2022 ஜூலை முதல் விதி உள்ளது. நம் தெருமுனைப் பரோட்டாக் கடையில் ஒரு செட்டுக்கு எவ்வளவு எண்ணெய் போகிறது என்று மாஸ்டரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

இரண்டு: எளிமை. அறையில் தங்கிப் படிக்கிற மாணவனுக்கும், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் கடை நடத்துகிறவருக்கும் சமையலறை கிடையாது. இருக்கிற கடையிலேயே எது குறைவு என்று பார்த்துச் சாப்பிடத் தெரிந்துகொண்டால் அது உபயோகமான அறிவுதான்.

மூன்று: அதிக எடை உள்ளவர் தன் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும் என்று மருத்துவம் சொல்கிறது. 90 கிலோ மனிதருக்கு அது நாலரை முதல் 9 கிலோ வரை. சிஸ்னாவுக்கும் ஹாப்பிற்கும் இரத்தக் கொழுப்பு குறைந்ததற்குக் காரணம் இதுதான். அதையும் மறுக்க வேண்டாம்.

பாதகங்கள் எவை?

இனி மறுதட்டு.

முதலாவது, பொடி எழுத்து. டாக்கோ பெல் என்ற நிறுவனம் 2010-ஐ ஒட்டி ஒரு விளம்பரம் செய்தது. ஒரு பெண்மணி தங்கள் கடை உணவைச் சாப்பிட்டு ஏறத்தாழ 24 கிலோ இளைத்துவிட்டார் என்றது. பெயரிலேயே 'டயட்' என்று வைத்தது. ஆனால் அதே விளம்பரத்தில் கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில் என்ன இருந்தது? இது எடை குறைப்புத் திட்டம் அல்ல என்று இருந்தது! அவர் எடை குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அன்றாட உணவை 1250 கலோரியாகக் குறைத்துக்கொண்டார். பெரிய எழுத்தில் ஒன்று, சிறிய எழுத்தில் அதற்கு மாறானது. சரக்கின் குறையை மறைத்து விற்பதை நம் கடைத்தெருவில் என்ன பெயர் சொல்லி அழைப்போம்? அதே பெயர்தான் இதற்கும்.

இரண்டாவது, அந்த உணவை அளவோடு நிறுத்துவது கடினம். 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர் கெவின் ஹால் ஒரு சோதனையை வெளியிட்டார். 20 பேரை மருத்துவமனையிலேயே நான்கு வாரங்கள் தங்க வைத்தார். இரண்டு வாரம் ஆலைகளில் பெரிதும் பதப்படுத்தப்பட்ட உணவு. இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. இரண்டிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாகவே பரிமாறப்பட்டன. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். என்ன ஆயிற்று? பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். இரண்டு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ கூடினார்கள். சாதாரண உணவு கிடைத்த இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தார்கள்.

இதன் பொருள் என்ன? சிஸ்னாவிடம் மாணவர்கள் எழுதிய பட்டியல் இருந்தது. ஹாப்பிடம் பேராசிரியர் படிப்பு இருந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. நம் வாலிபனிடம் என்ன இருக்கிறது? பசியும், கூட வந்த நாலு நண்பர்களும், "இன்னும் ஐம்பது ரூபாய் போட்டால் பெரிய கோலாவும் பொரித்த உருளைக்கிழங்கும் சேர்த்துத் தருகிறோம்" என்று கேட்கிற கடைக்காரனும் இருக்கிறார்கள். அந்த உணவும் கடையும் அதிகம் விற்பதற்காகவே அமைக்கப்பட்டவை. அங்கே உட்கார்ந்துகொண்டு குறைவாகத் தின்பேன் என்பது, தள்ளுபடி விற்பனைக்குள் நுழைந்துவிட்டு எதுவும் வாங்காமல் வருவேன் என்று சொல்வது போன்றது. முடியும், ஆனால் எத்தனை பேரால் முடியும்?

மூன்றாவது, பெயரில் ஏமாறுவது. சாலட் என்று எழுதியிருந்தால் இலைதானே என்று நினைக்கிறோம். 2016-ல் கனடாவில் மெக்டொனால்ட்ஸ் விற்ற கீரைச் சாலட் ஒன்று, பொரித்த கோழியும் மேலே ஊற்றுகிற குழம்பும் சேர்ந்தபோது 730 கலோரி இருந்தது. அதே கடையின் இரட்டை பிக் மாக் பர்கர் 680 கலோரி. கீரை குற்றவாளியா? இல்லை. மேலே ஊற்றியதுதான். நம் ஊர் ஷவர்மாவிலும் கிரில் சிக்கனிலும் அதே கதைதான். ஒரு மேசைக்கரண்டி மயோனைஸ் ஏறத்தாழ 90 முதல் 100 கலோரி. கோழி நெருப்பில் வாட்டியதுதானே என்று நினைத்து, நாலு கரண்டி மயோனைஸைத் தொட்டுத் தின்றால் எங்கே இளைப்பது?

நான்காவது, உப்பும் நார்ச்சத்தும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி. ஒரு பெரிய பர்கரிலேயே அதில் பாதி போய்விடும். கலோரிக் கணக்கில் உப்புக்கு இடமில்லை, அது பூஜ்யம். ஆகவே எடை இறங்கிக்கொண்டே இருக்க, இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகலாம். பருப்பிலும் காயிலும் கீரையிலும் கிடைக்கிற நார்ச்சத்து மைதா ரொட்டியிலும் பொரித்த கோழியிலும் போதிய அளவு கிடையாது. நார்ச்சத்து குறைந்தால் வயிறு நிறைந்த உணர்வு நிற்காது, மலச்சிக்கல் வரும்.

ஐந்தாவது, குறைந்த எடை திரும்பி வரக்கூடும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் ஃபாஸ்ட் ஃபுட் தின்று இளைத்தவர்கள் அல்ல. கடுமையான உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் இளைத்தவர்கள். சராசரியாக 58 கிலோ குறைந்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதைவிட முக்கியமானது, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்து போயிருந்தது. வரவு நின்றதும் உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்கிறது. பஞ்ச காலத்தில் குடும்பம் நடத்துவது போல. ஆகவே மூன்று மாதத் திட்டம், ஒரு மாதத் திட்டம் என்று எந்தப் பெயரில் வந்தாலும், நான்காவது மாதம் என்ன சாப்பிடப் போகிறோம் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் அது திட்டமே அல்ல.

எடை மட்டும் கணக்கல்ல

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். அமெரிக்கனின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. நம் மக்களுக்குக் கையும் காலும் மெலிந்திருக்க, கொழுப்பு வயிற்றில் போய்ச் சேரும். அதனால்தான் மேலைநாட்டாருக்கு உடல் பருமக் குறியீடு 25-ஐத் தாண்டினால் அதிக எடை என்றால், நமக்கு 23-ஐத் தாண்டினாலே அதிகம் என்று நம் மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள அமெரிக்கனுக்கு 72 கிலோ எல்லை. அதே உயரமுள்ள நமக்கு 66 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

ஆகவே எடை பார்க்கும் இயந்திரத்தில் மட்டும் ஏறி நின்று மகிழாதீர்கள். தையற்காரர் வைத்திருக்கும் டேப்பை வாங்கி வயிற்றையும் அளந்து பாருங்கள். உடற்பயிற்சி இல்லாமல், போதிய புரதம் இல்லாமல் பட்டினி கிடந்து குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். எடை குறைந்திருக்கும், பலமும் குறைந்திருக்கும்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யாரோ சொன்ன டயட்டை நம்பிச் சாப்பாட்டைத் திடீரென்று பாதியாக்கிவிட்டு மருந்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டால், சர்க்கரை அபாயகரமாக இறங்கி மயங்கி விழ நேரிடும். சாப்பாட்டின் அளவை மாற்றுவதற்கு முன்னால் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வளரும் பிள்ளைகளும் கர்ப்பிணிப் பெண்களும் இந்தச் சோதனைகளின் பக்கமே போக வேண்டாம்.

பிரச்சாரத்தின் பின்னால் யார்?

சிஸ்னா என்ற அந்த ஆசிரியர் முதலில் தாமாகத்தான் சோதனை செய்தார். 2015-ல் அந்த நிறுவனம் அவரைச் சம்பளத்திற்கு அமர்த்திக்கொண்டது. "என்ன தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்" என்ற கருத்துடன் அவரைப் பற்றிய படம் பள்ளிக்கூடங்களில் காட்டப்பட்டது. அவரும் மாணவர்கள் முன்னால் போய்ப் பேசினார். பெற்றோர்களும் ஊட்டச்சத்து அறிஞர்களும் கண்டனம் எழுப்பிய பிறகு, 2016-ல் பள்ளிகளுக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது.

இதில் உள்ள தந்திரத்தை இளைஞர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். "எல்லாம் உங்கள் தேர்வு" என்று சொல்லிவிட்டால், நாளைக்கு உடம்பு கெட்டால் குற்றம் தின்றவன் தலையில். விற்றவன் கை சுத்தம். நம் தேர்வுக்கு நாம் பொறுப்புத்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் கோடிக்கணக்கில் செலவழித்துப் பிள்ளைகளின் ஆசையைத் தூண்டுகிறவனுக்குப் பொறுப்பே இல்லையா? ஒருவர் எடை குறைந்த செய்தி உங்களிடம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு சாப்பிட்டார்? வேறு என்ன செய்தார்? இதைச் சொல்வதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி விளம்பரம் உதிர்ந்துவிடும்.

நம் வீட்டுக் கணக்கு

அடுத்தவனுடைய பர்கரை இவ்வளவு எடை போட்டோம். நம் தட்டையும் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

நம்மில் பலர் மெக்டொனால்ட்ஸ் வாசலை மிதித்ததே இல்லை. ஆனாலும் தொந்தி வந்தது எப்படி? கடையில் உட்கார்ந்து நாளைக்கு எட்டு டீ குடிக்கிறோம். ஒரு டீக்கு இரண்டு கரண்டி வீதம் 16 கரண்டிச் சர்க்கரை. கரண்டிக்கு 5 கிராம் என்றால் 80 கிராம், 320 கலோரி. 2000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வந்தவருக்கு உபசாரம், தரகருக்கு உபசாரம் என்று நாமும் ஒவ்வொன்று குடித்தே எல்லையைத் தாண்டிவிட்டோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பரோட்டா மாவில் ஊறியது, கல்லில் ஊற்றியது, சால்னாவில் மிதப்பது என்று கூட்டிப் பாருங்கள். கடையை அடைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு அதைத் தின்றுவிட்டு நேராகப் படுக்கைக்குப் போகிறோம். வாரம் தவறாமல் கல்யாண விருந்து வேறு. பிரியாணிக்கு மேல் பிரியாணி வைப்பதைத்தான் மரியாதை என்று நினைக்கிறோம்; போதும் என்பவரின் தட்டிலும் வற்புறுத்தி வைக்கிறோம்.

அமெரிக்கன் பர்கரால் பருத்தான். நாம் டீயாலும் பரோட்டாவாலும் பருத்தோம். கோளாறு ஒன்றுதான்: அளவு தெரியாமல் உண்பது. ஆகவே அந்தச் சோதனைகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரே நல்ல விஷயம் அளந்து உண்ணும் பழக்கம். அதை எடுத்துக்கொள்வோம். பர்கரை அங்கேயே விட்டுவிடுவோம். அளப்பதற்குப் பர்கர் தேவையில்லை. வீட்டுச் சோற்றையும் ஒரு கிண்ணத்தால் அளக்கலாம்.

உணவகம் நடத்தும் சகோதரர்களுக்கு

இந்தக் கூட்டத்தில் உணவகம், கோழிக்கடை, ஷவர்மாக் கடை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வியாபாரத்தைக் கெடுக்க நான் வரவில்லை. உங்கள் பிழைப்பு செழிக்க வேண்டும். சில வேண்டுகோள்கள் மட்டும்.

'டயட்', 'எடை குறைப்பு', 'கொழுப்பில்லாதது' என்று தெரியாமல் பலகை எழுதாதீர்கள். நிரூபிக்க முடியாததைச் சொல்லி விற்காதீர்கள். மயோனைஸைத் தனிக் கிண்ணத்தில், கேட்டால் மட்டும் கொடுங்கள். அரைப் பங்கு கேட்பவருக்கு முகம் சுளிக்காமல் அரைப் பங்கு கொடுங்கள். வெள்ளரி, வெங்காயம், தக்காளி, முட்டைக்கோஸ் தாராளமாக வையுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். சர்க்கரை போடாத டீ கேட்கிறவரை நோயாளி என்று கேலி செய்யாதீர்கள். இதனால் வாடிக்கையாளர் குறைய மாட்டார். நம்பிக்கைக்குரிய கடை என்று இன்னும் நாலு பேரை அழைத்துக்கொண்டு வருவார்.

இளைஞர்களுக்கு

தம்பிகளே! வெளியூரில் இருக்கிறீர்கள், சமைக்க வழியில்லை, கடையில்தான் சாப்பிட்டாக வேண்டும் என்றால் குற்றமில்லை. அங்கேயும் வழி உண்டு. பொரித்ததை விட்டு வாட்டியதை வாங்குங்கள். கோலாவுக்குப் பதில் தண்ணீர் குடியுங்கள்; 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. சேர்த்துத் தரும் சலுகையை மறுத்துப் பழகுங்கள். தேவையில்லாததைப் பாதி விலைக்கு வாங்குவது லாபமல்ல, நஷ்டம். கலோரி எழுதியிருந்தால் படித்துப் பாருங்கள். இட்லி, சுண்டல், அவித்த முட்டை, வாழைப்பழம், மோர் கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஒரு வேளை பர்கருக்குக் கொடுக்கும் காசில் இவற்றை இரண்டு வேளை சாப்பிடலாம்.

நண்பர்களோடு எப்போதாவது ஒருநாள் போனால் போய்விட்டு வாருங்கள். அதனால் உயிர் போய்விடாது. ஆனால் அதையே மருந்து என்று நினைத்து அன்றாடம் போகாதீர்கள். தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள். சிஸ்னாவின் கதையில் யாரும் விளம்பரம் செய்யாத பகுதி அந்த நடைதான். காரணம், நடைக்குக் காசு கேட்க யாராலும் முடியாது.

இறுதியாக எல்லோருக்கும் ஒரு வேலை கொடுக்கிறேன். நாளை காலை முதல் ஏழு நாட்கள், கடன் நோட்டு எழுதுகிற அதே கவனத்தோடு ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை டீ, எத்தனை கரண்டிச் சர்க்கரை, எத்தனை பரோட்டா, இரவு எத்தனை மணிக்குச் சாப்பாடு, எவ்வளவு தூரம் நடந்தோம். யாரிடமும் காட்ட வேண்டாம். எட்டாம் நாள் நீங்களே கூட்டிப் பாருங்கள். எதைக் குறைக்க வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும். முதலில் ஒன்றை மட்டும் குறையுங்கள். அது பழகிய பிறகு இன்னொன்றைக் குறையுங்கள். மூன்று மாதம் கழித்து எடையையும் பாருங்கள், இடுப்பையும் அளந்து பாருங்கள், இரத்தத்தையும் சோதித்துப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து இறங்கியிருந்தால்தான் அது உண்மையான லாபம்.